கடலே ஏறி இறங்கும்போது 'கடல் மட்டத்திலிருந்து உயரம்' என்பதற்கு என்ன பொருள்?

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, ஓயாமல் ஏறி இறங்கும் கடலை வைத்து எப்படி அளந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வகுப்புக்கு அளவீட்டுப் பாடத்தை இருபத்தாறு ஆண்டுகள் நடத்திய உரிமையோடும், அதே பாடத்தில் என் சொந்த வீட்டுக்கே தவறிய கூச்சத்தோடும் எழுதுகிறேன்.

அந்தக் கடல் மட்டம் இன்று காலை மெரினாவில் நின்ற நீரின் மட்டமன்று. கரையோரம் கருவிகளை நிறுத்தி, நீரின் ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பதிந்து கண்ட சராசரி. சென்னை உள்ளிட்ட ஒன்பது கடற்கரை நிலையங்களின் சராசரியைச் சுழியமாகக் கொண்டுதான் 1909-இல் நாடு முழுமைக்குமான உயரங்கள் கணக்கிடப்பட்டன. ஒன்பது இடங்களிலும் கடல் துல்லியமாக ஒரே மட்டத்தில் இராது என்று புவியியல் அறிந்தவர்கள் திருத்த வருவார்கள். அது எனக்கும் தெரியும். சுழியத்தை எங்கே வைப்பது என்பது நமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை ஒட்டிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியிருந்தது. 1906-இல் வந்த இந்திய நேரம் அதை ஐந்தரை மணியாக்கியது. அதற்காகச் சூரியன் ஒன்பது நிமிடம் நகர்ந்துவிடவில்லை. ஆனால் வைத்த சுழியம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

2004-இல் மடிப்பாக்கத்தில் வீடு கட்டியபோது, "பேஸ்மட்டம் மூன்றடி தூக்கிவிட்டேன் சார்" என்றார் மேஸ்திரி. எங்கிருந்து மூன்றடி என்று நான் கேட்கவில்லை. தெருவிலிருந்துதான் என்பது எங்கள் இருவருக்கும் சொல்லாமலே விளங்கியது. 2015 டிசம்பர் மழையில் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, வீடு அமிழ்ந்துவிட்டது என்று உறவினர்கள் அடித்துச் சொன்னார்கள். தண்ணீர் வடிந்ததும் டியூபில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். தளம், கிணற்றுக் கைப்பிடிச் சுவரைவிட ஆறு அங்குலம் உயரத்தில் இருந்தது. வீடு கட்டியபோது எழுதிய நோட்டிலும் அதே ஆறு அங்குலம்தான். தெருவிலிருந்து பார்த்தால் மட்டும், முப்பத்தாறு அங்குலம் பதினான்காகக் குறைந்திருந்தது.

வீடும் கிணறும் சேர்ந்தே இறங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் விடை வைத்திருக்கிறேன். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு முன்பு மூன்று படி ஏறிப் போவோம்; இப்போது வாசலில் ஏறுவதற்குப் படியே இல்லை. வடிகாலுக்காகத் தெருவை வெட்டியபோது, பழைய தாரைச் சுரண்டாமலே அதன்மேல் புதிது புதிதாகப் போட்டுக்கொண்டே வந்த அடுக்குகளைக் குழியின் ஓரத்தில் எண்ணிப் பார்க்க முடிந்தது. வரி கட்டுபவனின் வாசலைப் பள்ளமாக்கிவிட்டு, அதற்குச் சாலை மேம்பாடு என்று பலகையும் வைக்கிறார்கள்.

30 டிகிரி செல்சியஸ் என்பது 15 டிகிரியைப் போல் இருமடங்கு வெப்பநிலையா என்று ஆண்டுதோறும் வகுப்பில் கேட்பேன். பெரும்பாலோர் ஆம் என்பார்கள். கெல்வினில் அவை 303, 288. வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான். செல்சியஸின் சுழியம் நீர் உறையும் இடத்தில் வைத்த குறி என்பதை மறந்ததால் வரும் பிழை அது என்று விளக்கிய வாயால், மேஸ்திரியிடம் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்த வந்தவரும் மூன்றடி என்றுதான் தொடங்கினார். கிணற்றுச் சுவரின் விளிம்பில் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டுக் காட்டி, அதிலிருந்து மூன்றரை அடியில் தளம் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.