மீன் தொட்டி கேள்வி-பதில்: மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மீன் ரொம்ப டல்லாக இருக்கிறது. என்ன மருந்து விடலாம்?

என்ன மீன், எத்தனை லிட்டர் தொட்டி, கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது? எதுவுமே எழுதாமல் மருந்து கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதலில் அம்மோனியா, அதாவது கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சு, இருக்கிறதா என்று டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் கோளாறு தண்ணீரில் இருக்கிறது. கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஃபைட்டர் மீன் தண்ணீர் மேல் நுரை கட்டுகிறது. நோயா?

இல்லை. ஆண் மீன் முட்டைக்காகக் கூடு கட்டுகிறது. கலைக்காதீர்கள்.

கேள்வி: செடி நிறைய வைத்த தொட்டி. விடிகாலையில் மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் சரியாகிவிடுகிறது.

நேரத்தைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், நல்லது. விளக்கு அணைந்தபின் செடிகள் ஆக்ஸிஜன் தருவதில்லை, அவையும் மீன்களோடு சேர்ந்து இழுத்துக்கொள்ளும். விடியும்போது தொட்டியில் அது மிகவும் குறைந்திருக்கும். சத்தம் என்று இரவில் ஏர் பம்பை நிறுத்துகிறீர்களா? இரவில்தான் அது கட்டாயம் ஓட வேண்டும்.

கேள்வி: ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, கல், பில்டர் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறோம். இவ்வளவு சுத்தமாக வைத்தும் புதன், வியாழனுக்குள் ஒரு மீன் செத்துவிடுகிறது.

அந்தச் சுத்தம்தான் கொல்கிறது. பத்துக் கடிதம் வந்தால் நாலு இதே கடிதம், எனக்கு மனசு ஆறவில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஓரளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் உங்கள் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாராவாரம் அவற்றைக் குளோரின் தண்ணீரில் கழுவிச் சாக்கடையில் விடுகிறீர்கள். திங்கள்கிழமையிலிருந்து அம்மோனியா ஏறுகிறது, செவுள் வெந்து சிவக்கிறது, மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கிறது. உடனே கடைக்கு ஓடி நீல மருந்து வாங்கி ஊற்றுவார்கள். அது மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் பாதிக்கும்.

இனி இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்து, அதிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். அது பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கற்களை வெளியே எடுக்காதீர்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டபிறகே ஊற்றுங்கள். சோப்பு தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: கப்பி மீன் மேல் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. மூன்று நாள் மருந்தில் போய்விட்டது, நிறுத்தினேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது.

நிறுத்தியதுதான் தவறு. அந்தப் புள்ளிக்குக் காரணம் ஒரு ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. உதிர்ந்து, தொட்டி அடியில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். ஹீட்டரை 30 டிகிரியில் வையுங்கள், அது சீக்கிரம் உதிரும். சூட்டில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏர் பம்பைக் கூட்டுங்கள். கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் ஒரு வாரம் மருந்து தொடரட்டும். அப்புறம், புது மீன் வாங்கி நேராகத் தொட்டியில் விட்டீர்களா? இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: ஆஸ்கர் மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். ஒருக்களித்துப் படுத்துவிட்டது, சாகப்போகிறதா?

கோபித்துக்கொண்டிருக்கிறது. இடம் மாறினால் ஆஸ்கர் இப்படிப் படுப்பது உண்டு. விளக்கை அணைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். செவுள் வேகமாக அடித்தால் மட்டும் அம்மோனியா பாருங்கள்.