சிங்கப்பூரில் தமிழில் இளையர் நாவல் எழுதுபவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? அதையே தொழிலாகக் கொள்ள முடியுமா?

சோறு போடுமா என்று கேட்டால், போடாது. நான் பகலில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், கதையெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான். இதுவரை இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன.

முதல் நாவலைச் சென்னையில் 300 பிரதி அடித்தேன். விலை 15 வெள்ளி. சட்டப்படி இரண்டு பிரதி தேசிய நூலகத்துக்குப் போனது. வெளியீட்டு விழாவில் 120 போல விற்றது. பாதிப் பேர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தார்கள், கல்யாண மொய் மாதிரி. படித்தார்களா என்று நான் கேட்கவில்லை. மிச்சம் இன்னும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் செருப்பு அலமாரிக்கு மேல் அடுக்கியிருக்கிறது. பரிசு என்று பார்த்தால் 1993இல் தொடங்கிய தங்கமுனை விருது இருக்கிறது, ஆனால் அது சிறுகதைக்கும் கவிதைக்கும்தான். கை பழக நல்ல இடம்.

சரி, காசை விடுங்கள். உண்மையான தலைவலி பேச்சு.

ஓர் உயர்நிலைப் பள்ளியில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் நாயகிக்குப் பதினான்கு வயது. பேருந்து நிறுத்தத்தில் தோழியிடம், "எனக்கு மிகவும் சலிப்பாக இருக்கிறது" என்பாள். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இந்தப் பொண்ணு ஏன் செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வரியை "ரொம்ப சியானா இருக்குடி" என்று மாற்றினேன் (சியான் என்றால் இங்கே பிள்ளைகள் பேச்சில் சலிப்பு). அப்புறம் இரண்டாவது நாவல் முழுக்க அப்படித்தான்: கதை சொல்வது எழுத்துத் தமிழில், பிள்ளைகள் பேசுவது வாக்கியக் கடைசியில் 'லா' போட்டு, ஆங்கிலம் கலந்து, பாட்டியிடம் மட்டும் திக்கித் திக்கித் தமிழில்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஆனால் எத்தனை பதினான்கு வயதுப் பிள்ளை தன் காசில் தமிழ் நாவல் வாங்கும்? வாங்குவது அம்மா, பள்ளி, நூலகம். ஒரு பள்ளியில் 40 பிரதி கேட்டுவிட்டு, உரையாடலைப் பார்த்ததும், "பிள்ளைகள் தேர்விலும் இப்படி எழுதுவார்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்பதே ஒரு பாடம், மதிப்பெண். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்த 'தி அவுட்சைடர்ஸ்' என்ற இளையர் நாவல் 1967இல் வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு. அவருக்கு அது தன் வகுப்பறையின் பேச்சு. நான் நாற்பத்து மூன்றில் ஆரம்பித்தவள். ஒட்டுக்கேட்டால்தான் உண்டு. ரயிலில் பாட்டு எதுவும் போடாமல் காதில் இயர்போன் மட்டும் மாட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பேன். வெட்கமாகத்தான் இருக்கும்.

ஆகவே வேலையை விடாதீர்கள். முதல் நான்கு பக்கம் எழுதியதும் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே சிரிக்கிறதோ அங்கே திருத்த வேண்டும் (நகைச்சுவைப் பகுதி என்றால் வேறு விஷயம்).

இப்போது மூன்றாவது நாவல். தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போகும் ஒரு பையனின் முதல் மாதம். போன வாரம் அண்ணன் மகனைப் பிடோக் உணவங்காடியில் உட்காரவைத்து, தெ தாரிக் வாங்கிக் கொடுத்து, அணிவகுப்புக் கட்டளைகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லாம் மலாய்: செடியா, செனாங் டிரி. "இதற்கெல்லாம் அடிக்குறிப்பு போடட்டுமா?" என்றேன்.

"போட்டா புக்கை மூடி வச்சிடுவாங்க அத்தை" என்றான்.