ஸ்க்ரப் டைஃபஸ் எதனால் பரவுகிறது: எலியா, நாய் உண்ணியா, வேறு பூச்சியா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் வந்து மருத்துவமனையில் இருக்கிறார். நாய் உண்ணியால்தான் வந்தது என்கிறார்கள் சிலர், எலியால் வந்தது என்கிறார்கள் சிலர். வீட்டில் நாய் இருக்கிறது. அதை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: நாயைக் கொடுக்க வேண்டாம். இந்தக் காய்ச்சலை நாய் உண்ணி பரப்புவதில்லை. எலி கடித்தும் வராது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் வேண்டாம். பரப்புவது மைட் என்ற பொடிப் பூச்சியின் குஞ்சு. பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுவதால் பழி நாய்மேல் விழுகிறது.

நான் மருத்துவர் இல்லை. வேலூர் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புரட்டாசி மழை விழ ஆரம்பித்தால் மாசி வரைக்கும் இந்தக் காய்ச்சலுக்கான சாம்பிள்கள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது நீங்கள் கேட்டதைத்தான்.

மைட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான். முட்டையிலிருந்து வரும்போது அதற்கு ஆறு கால்கள். கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், ஆரஞ்சு நிறத்தில். வரப்புப் புல், புதர் ஓரம், வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடக்கும் செடி என்று தரையை ஒட்டிக் காத்திருந்து, உரசிப்போகிற உடம்பில் ஏறிக்கொள்ளும். இந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு முறைதான், அது பிராணிகள் மேல் வாய் வைக்கும். வளர்ந்து எட்டுக் கால் வந்துவிட்டால் மண்ணிலேயே மற்ற பூச்சிகளின் முட்டைகளைத் தின்றுகொண்டு கிடக்கும், நம்மைச் சட்டைசெய்யாது. குஞ்சு ரத்தம் குடிப்பதும் இல்லை. தோலில் வாயைப் பதித்து எச்சிலை இறக்கும், எச்சில் அந்த இடத்துச் செல்களைக் கரைத்துக் கூழாக்கும், கூழை உறிஞ்சிக்கொள்ளும். எச்சிலோடு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. ஜப்பானில் ஆற்றங்கரை விவசாயிகளை நெடுங்காலம் வாட்டிய நோய் இது, பெயர் அப்படி வாயில் நுழையாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு முறைதான் அது பிராணியைக் கடிக்கும் என்றால், கிருமியை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு எப்படிக் கொடுக்கும்? கொசு நாலு பேரைக் கடித்துப் பரப்புகிறது, இதற்கு அந்த வாய்ப்பே இல்லையே! விஷயம் என்னவென்றால், கிருமி தாய் மைட்டிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குஞ்சு வளர்ந்து இடும் முட்டைகளுக்கும் போகிறது. ஆக, கிருமியைச் சேமித்து வைத்திருப்பதும் மைட், நமக்குக் கொடுப்பதும் மைட்.

அப்போ எலிக்கு என்ன வேலை? சாப்பாடு போடுவதும் சுமந்துபோவதும்தான். வயல் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு இவற்றின் காது மடலுக்குள் மைட் குஞ்சுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். எலி ஓடுகிற இடமெல்லாம் வயிறு நிறைந்த குஞ்சுகள் உதிர்ந்து, அங்கங்கே புதிய கூட்டம் உண்டாகும். எலி அதிகம் இருக்கும் புதரில் மைட்டும் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். மனிதன் நடுவில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவன்.

இதை எலிக்குக் கொடுத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் வரலாம். எலித் தெள்ளால் மியூரின் டைஃபஸ் என்ற வேறொரு காய்ச்சல் வரும். உண்ணிக்கும் தனிக் கணக்கு இருக்கிறது: நாய் உண்ணியால் இந்தியன் டிக் டைஃபஸ் வரலாம், கர்நாடகத்தில் ஷிவமொக்கா பக்கம் 1957இல் கண்டுபிடிக்கப்பட்ட கியாசனூர் காட்டு நோய் காட்டு உண்ணிகளால் வருவது. அதனால் நாய்க்கு உண்ணி மருந்து போடுவதை விட்டுவிடாதீர்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் டெங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். வைடல் பரிசோதனையில் கொஞ்சம் ஏறியிருந்தால் டைஃபாய்டு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். (டைஃபாய்டுக்கும் டைஃபஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) என் அத்தைக்கு அப்படித்தான் நடந்தது. மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவர். உள்ளூரில் டைஃபாய்டு என்று ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே வயதான நர்ஸ் ஒருவர் எங்களை வெளியே நிற்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டு, "அம்மா, நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், பீடி நெருப்பால் சுட்டதுபோல. "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டதற்கு அத்தை, "இதுவா? வலிக்கவே இல்லையேம்மா, நாடா உரசினதுன்னு நெனச்சேன்" என்றாராம்.

வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று துணி மறைக்கிற இடங்களாகப் பார்த்து இருக்கும். ஆண் மருத்துவரிடம் பெண்கள் இந்த இடங்களைக் காட்டத் தயங்குகிறார்கள், அவர்களும் கேட்கத் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிச் சிக்கல் இங்கேதான். அதனால் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் வீட்டிலேயே உடம்பு முழுக்க ஒரு முறை பார்த்துவிடுங்கள். பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, பலருக்கு அது வருவதே இல்லை. ஒன்றிரண்டு வாரங்களுக்குள் புல், புதர், வயல் பக்கம் போயிருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் சொல்லுங்கள்.

மருந்து விலை குறைந்தது, பழையது: டாக்சிசைக்ளின். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வதால் பெனிசிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை ஊசிகள் இதற்கு வேலை செய்யாது. சரியான மருந்து சீக்கிரம் போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். தீவிரமான நிலையில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளிலேயே நடந்தது அது. தடுப்பூசி இன்னும் வரவில்லை.

வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள், துவைத்த துணியைப் புல்மேலோ செடிமேலோ உலர்த்தாதீர்கள், வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடுத்திய துணியை நனைத்துவிடுங்கள்.

பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது; அது முதல் சில நாட்களில் நெகட்டிவ் காட்டலாம், உடம்பு அந்தப் புரதத்தைத் தயாரிக்க நேரம் வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். 'ரிப்போர்ட்டில்தான் ஒன்றும் இல்லையே' என்று மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டு எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள்.