ஒரே பாலினப் பெற்றோர் வரும் படக்கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா? குழம்பிவிட மாட்டார்களா?

கேள்வியைப் பார்த்தால், வெளிநாட்டிலிருந்து யாரோ அப்படி ஒரு புத்தகத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் போல. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

என் தங்கை மகள் டொரன்டோவில் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறாள். அங்கே அது சட்டப்படி செல்லும். நாலு வயதில் ஒரு பையன். ஆனித் தேரோட்டத்துக்கு மூவரும் பாளையங்கோட்டை வந்தபோது அவன் கையில் ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’ இருந்தது. 2005-இல் வந்த புத்தகம். நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையில் நிஜமாகவே இருந்த ராய், சைலோ என்ற இரண்டு ஆண் பென்குயின்களின் கதை. இரண்டும் ஒரு கல்லை மாறி மாறி அடைகாக்கும். பராமரிப்பவர் நிஜ முட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைக்க, குஞ்சு பொரிக்கும்.

திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லின் மேல் விரலை வைத்து, “அதுகளுக்கு இது கூமுட்டைன்னு தெரியலையா ஆச்சி?” என்றாள். அப்புறம் அவளே, “எங்க ஆச்சி வாத்து முட்டையக் கோழிக்கு அடை வைப்பாவ. குஞ்சு கோழி பின்னாலதான் போவும்” என்றாள். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க அடையில் இரும்புத் துண்டு போட்டார்களா என்றும் கேட்டாள். இரண்டும் ஆணாச்சே என்ற பேச்சே வரவில்லை.

குழம்பியது என் தங்கைதான். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் “மகளோட ஃபிரெண்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர் தேசிய நூலகமே 2014-இல் இந்தப் புத்தகத்தை அழிக்கப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றியது. என் தங்கையை என்ன சொல்ல.

உடனே மேல்நாட்டுக் கலாச்சாரம் என்று சண்டைக்கு வராதீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போகிறவள்தான் நானும். எனக்கும் குறை உண்டு. நான் பார்த்த புத்தகங்களில் இந்தப் பெற்றோர் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பையன் இட்லி தின்னவில்லை என்று ஒருத்தி அதட்டுவாள், இன்னொருத்தி செல்லம் கொடுப்பாள், அதற்கு இருவருக்கும் ராத்திரி வரை பேச்சு இருக்காது. அதை யாராவது வரையட்டுமே. இரண்டு அம்மாக்கள் உள்ள ஒரு சிறுமியின் கதையான ‘ஹெதர் ஹாஸ் டூ மம்மீஸ்’ 1989-இல் வந்தது; அதன் முதல் பதிப்பில் டாக்டர் உதவியோடு பிள்ளை உண்டான விவரமெல்லாம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள், நல்லது. வேறு எந்தப் பிள்ளைக் கதையில் அதை விளக்குகிறார்கள்?

நம் படக்கதைகள் மட்டும் என்னவாம்? புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஒன்றில் அம்மா அடுப்படியில், அப்பா பேப்பரோடு, கடைசிப் பக்கத்தில் ‘நீதி’. வீடு வந்து சேர்வதற்குள் ஸ்டேப்ளர் பின் கழன்று அந்தப் பக்கமும் போய்விட்டது. விலை நூற்றைம்பது ரூபாய்!