120 சதுர அடி மாடியில் தோட்டம்: தக்காளியை விடுங்கள், கீரையில் தொடங்குங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். வாசலுக்கு முன்னால் 10 அடிக்கு 12 அடி மொட்டைமாடி இருக்கிறது. வீட்டில் நாலு பேர். மருந்தடிக்காத காய் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் சித்திரையில் 12 பைகள் வாங்கி, செம்மண் நிரப்பித் தக்காளி வைத்தேன். இலையெல்லாம் சுருண்டு, பூ உதிர்ந்து, ஒரு காய்கூடத் தேறவில்லை. தரையில் கறை படிந்ததைப் பார்த்து, தளம் ஒழுகிவிடுமோ என்று வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். ஆடி பிறந்துவிட்டது. மறுபடி தொடங்கலாமா? எதை வைத்துத் தொடங்குவது?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம் அம்மா. உங்கள் கையில் கோளாறு எதுவும் இல்லை. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளிப் பூ காயாக மாறத் தடுமாறும். மதுரைச் சித்திரையில், சூடேறிய தளத்தின் மேல், இரவிலும் புழுக்கம் குறையாத இடத்தில் அந்தச் செடி வேறென்ன செய்யும்? இலை சுருண்டது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸாக இருக்கும். அது மண்ணில் தங்கிப் பரவும் நோய் அல்ல. அதனால் அந்தச் செம்மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். செடிகளை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மண்ணை நாலைந்து நாள் வெயிலில் பரப்பிக் காயவையுங்கள். திரும்பப் பயன்படுத்தலாம்.

தக்காளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் கீரை. 25 நாளில் தட்டுக்கு வரும் பயிர் வேறு எது? நாலு மணி நேர வெயில் கிடைத்தாலும் கீரை வளரும். வேர் ஆழம் போகாது என்பதால் அரையடி மண் போதும். புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு அறுவடை கையில் கிடைப்பது மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மூன்று மாதம் காத்திருந்து ஏமாந்தவர்கள் பைகளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டடிக்கு இரண்டடி அகலமான கீரைப் பைகள் நாலு வாங்குங்கள். நாலிலும் ஒரே நாளில் விதைத்துவிடக் கூடாது. அப்படி விதைத்தால் ஒரே வாரத்தில் கீரை மலிந்துவிடும், அடுத்த மூன்று வாரம் கடைக்குத்தான் போக வேண்டும். இந்த வாரம் ஒரு பை, அடுத்த வாரம் அடுத்த பை என்று விதையுங்கள். நாலாவது பையில் விதை தூவி ஒரு வாரம் ஆகும்போது முதல் பை பறிப்புக்கு வந்திருக்கும். பறித்த இடத்தில் இரண்டு கைப்பிடி மட்கிய உரம் கிளறி மறுபடி விதைக்கலாம். ஒரு பைக் கீரை நாலு பேருக்கு ஒரு வேளைக் கூட்டுக்கோ மசியலுக்கோ வரும். ஒரு பையில் மட்டும் அரைக்கீரை போடுங்கள். அதைப் பிடுங்க வேண்டாம். முப்பதாவது நாள் வாக்கில் அடித்தண்டை விட்டு மேலே அறுத்தால், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை துளிர்த்துக்கொண்டே இருக்கும். மற்றவற்றில் சிறுகீரை, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை. வெந்தயத்துக்கு விதைக்கடைக்கே போக வேண்டாம், அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே முளைக்கும்.

இனி மண் கலவை. வெறும் செம்மண் போட்டதுதான் நீங்கள் செய்த ஒரே பிழை. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது இறுகி வேரை நெரிக்கும், பாரமும் அதிகம். அரையடி உயரம் நிரப்பிய ஒரு கீரைப் பையில் நனைந்த செம்மண் மட்டும் இருந்தால் 100 கிலோவை நெருங்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் 60 கிலோ அளவில் நிற்கும். ஆட்கள் ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்பது இந்தியத் தரநிலையின் கணக்கு. உங்கள் இடம் 11 சதுர மீட்டர். நாலு கீரைப் பைகளும் நாலைந்து சிறு பைகளும் அதற்குள் அடங்கிவிடும். நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரோரமாக வரிசைப்படுத்துங்கள். வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளம்) கட்டடமாக இருந்தால் மட்டும், பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் பாரம் ஏற்றாதீர்கள்.

நார்க்கழிவு 5 கிலோ கட்டி ஒன்று வாங்கினால் நாலு பைக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். அதை அப்படியே கலந்துவிடக் கூடாது. உப்பு இருக்கும், கூடவே தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்பு நீரும் இறங்கும். கறைக்குப் பயப்படும் வீட்டுக்காரருக்கு அது இன்னொரு கவலை ஆகிவிடும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். பைகளைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு வையுங்கள். அடியில் காற்றோடினால் தளம் காய்ந்துவிடும், பெருக்கிக் கழுவவும் வசதி. இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். முதல் கட்டுக் கீரையையும் அவருக்கே கொடுங்கள்.

வெந்தயம் தவிர மற்றக் கீரை விதை தூள் மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, மெல்லிசாக மண் மூடினால் போதும். குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பூவாளிதான் சரி. விதைத்த அன்றே எறும்பு இழுத்துப்போகத் தொடங்கும். அதைத் திசை திருப்ப, பையிலிருந்து சற்றுத் தள்ளிக் கொஞ்சம் அரிசி மாவு தூவிவையுங்கள். முளைக்கும்வரை ஒரு பழைய வலைத்துணியைப் போர்த்தினால் குருவி, புறா தொல்லை இருக்காது.

ஆடிக்காற்று மாடியில் பையைச் சீக்கிரம் உலர்த்திவிடும். அதற்காகக் காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற வேண்டாம். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மாடிச்செடிகள் காய்ந்து சாவதைவிட நீர் தேங்கி வேர் அழுகிச் சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அசுவினி, மாவுப்பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். பறிப்புக்கு வந்துவிட்ட கீரையில் தெளிக்காதீர்கள், கசக்கும்.

கைவசம் உள்ள 12 பைகளில் நாலை மட்டும் இப்போது எடுத்து அதே கலவையை நிரப்புங்கள். இரண்டில் கத்தரி, இரண்டில் மிளகாய். ஆடியில் நாற்று விடுவது இரண்டுக்கும் ஏற்றது. ஆனால் இவற்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டைக் கீரைப் பையின் ஓரத்தில் ஊன்றாதீர்கள், பையையே பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனிச் சட்டி. விதை, உயிர் உரங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். மாடித்தோட்டத் தொகுப்பு மானியத்தில் இருப்பு உள்ளதா என்றும் அங்கேயே விசாரிக்கலாம்.

தக்காளி ஆசை போகவில்லை என்றால், பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகத்தை ஐப்பசிக் கடைசியில் நாற்று விடுங்கள். மார்கழி, தையில் இரவு குளிரும்போது பூ நிற்கும். அதற்கு மீதிப் பைகளில் இரண்டு போதும்.