ராணுவத் தளத்து சென்சார் செங்குன்றம் கிடங்குக்குப் பொருந்துமா?

கேள்வி: செங்குன்றத்தில் ஜி.என்.டி. சாலையை ஒட்டி 4 ஏக்கரில் எங்கள் கிடங்கு இருக்கிறது. சுற்றிலும் 8 அடி ஹாலோபிளாக் காம்பவுண்ட் சுவர், இரவில் இரண்டு செக்யூரிட்டி. ஒரே வருடத்தில் இரண்டு முறை சுவர் ஏறி வந்து செம்பு கேபிளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஏரியா 51 போன்ற ரகசியத் தளங்களில் இருப்பதுபோல் மண்ணுக்குள் புதைக்கும் சென்சாரை நான்கு பக்கமும் போட்டுத் தருவதாக ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கருவியில் குறை இல்லை. அது வேலை செய்ய வேண்டிய மண் உங்களிடம் இல்லை.

ஏரியா 51 இருப்பது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், குரூம் ஏரி என்ற வறண்ட ஏரிப்படுகையை ஒட்டி. 1955இல் யு-2 உளவு விமானத்தைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம். அதைச் சுற்றி வானுயர மதில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பொதுமக்கள் வந்து எட்டிப்பார்க்கும் எல்லைப் பகுதியில் நெடுங்காலம் கண்ணில் பட்டவை ஆரஞ்சு நிறக் கம்பங்களும் எச்சரிக்கைப் பலகைகளும்தான். எல்லைக்கு வெளியிலேயே, மண்சாலையின் ஓரத்தில் சென்சார்களைப் புதைத்திருந்தார்கள். ஒரு வண்டி கடந்தால் காவல்காரர்களுக்குத் தகவல் போய்விடும், குன்றின் மேல் ஒரு வாகனம் வந்து நிற்கும். அங்கிருந்து தளத்தின் கட்டடங்களுக்கு இன்னும் பல கிலோமீட்டர். ஊடுருவுகிறவரைத் தாமதப்படுத்துவது சுவர் அல்ல, தூரம். 1995இல் ஃப்ரீடம் ரிட்ஜ், ஒயிட் சைட்ஸ் என்ற இரண்டு குன்றுகளைச் சுற்றிச் சுமார் 4,000 ஏக்கரைக் கூடுதலாக மூடினார்கள். அங்கே ஏறி நின்றால் தளம் தெரிந்தது என்பதே காரணம்.

அந்தப் பாலைவனத்தில் மண் காய்ந்திருக்கும், போக்குவரத்தும் அபூர்வம். அதனால் தரை அதிர்ந்தாலே செய்தி. செங்குன்றத்தில் இரவு முழுக்க லாரி ஓடுகிறது. சக்கரங்களின் அதிர்வு உங்கள் சுவரின் அஸ்திவாரம் வரை வரும். சென்சாரின் உணர்திறனைக் கூட்டினால் லாரிக்கெல்லாம் அலறும், குறைத்தால் மனிதனின் காலடியை விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிவிட்டால் அதிர்வு பரவும் விதமே மாறும். மே மாதம் சரிபார்த்து வைத்த அளவு நவம்பரில் செல்லாது. ஒரு இரவில் பத்து முறை பொய் அலாரம் அடித்தால் பதினோராவது முறை அடிக்க விடமாட்டார்கள். செக்யூரிட்டி ஸ்விட்சை அணைத்துவிடுவார், அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நம் ராணுவமும் எல்லைக் காவல் படையும்கூட ஒரே வகை சென்சாரை நம்புவதில்லை. 2018 செப்டம்பரில் ஜம்மு எல்லையில் தலா 5.5 கி.மீ. நீளத்துக்கு இரண்டு இடங்களில் நவீன வேலி அமைப்பைத் தொடங்கியபோது, தெர்மல் கேமரா, ரேடார், தரையடி சென்சார் எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டு அறையில் இணைத்தார்கள். மூடுபனியில் ஒன்று தடுமாறினால் இன்னொன்று பிடிக்கும்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருவோம். 4 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 127 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 510 மீட்டர். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சுவரோரமாகவே போனால் மறுகோடி 255 மீட்டர். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வேகமாக நடந்தாலும் கிட்டத்தட்ட 3 நிமிடம். பழக்கப்பட்டவன் 8 அடிச் சுவரை அரை நிமிடத்தில் தாண்டிவிடுவான். இடையில் இருக்கும் இரண்டரை நிமிடத்தைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதலில் அவனைச் சுவரிலேயே தாமதப்படுத்துங்கள். அதன் பிறகுதான் கண்டுபிடிக்கும் கருவி.

சுவரின் மேல் 600 மி.மீ. விட்டமுள்ள, சூடான துத்தநாகப் பூச்சு கொண்ட கன்சர்ட்டினா சுருள் (பிளேடு முட்கள் கொண்ட கம்பிச் சுருள்) போடுங்கள். காசை மிச்சப்படுத்த ஒரு சுருளைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு இழுப்பார்கள். இடைவெளி அகன்று, ஒரு சாக்கை விரித்து ஏறிவிடலாம். 6, 7 மீட்டருக்கு மேல் இழுக்க விடாதீர்கள். ராணுவக் கையேடுகளில் வேலியின் மேல் தாங்கி 45 டிகிரி வெளிப்புறம் சாய்ந்திருக்கும். நீங்கள் அப்படிச் செய்தால் சாலையின் மேலோ பக்கத்து மனையின் மேலோ நீளும். ஆகவே உட்புறம் சாய்த்த ஆங்கிள் போடுங்கள். முதலில் துருப்பிடிப்பது சுருள் அல்ல, அதைக் கட்டும் மெல்லிய கம்பி. கடலோர எண்ணூர் பக்கமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதையும் துத்தநாகம் பூசியதாகவே வாங்குங்கள்.

கன்சர்ட்டினாவைவிட முக்கியம், சுவரோரத்து மரம். 2016 ஜனவரி 2இல் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்ட பிறகு வந்த செய்திகள் சுவரோர யூகலிப்டஸ் மரத்தையும் எரியாத ஃபிளட் லைட்டுகளையும் சுட்டிக்காட்டின. உங்கள் சுவருக்கு வெளியே சீமைக்கருவேலம் இருந்தால் நில உரிமையாளரிடம் பேசி வெட்டுங்கள். உள்பக்கம் சுவரை ஒட்டி பேலட், டிரம் அடுக்கவே கூடாது. வெளியே போக அவனுக்கு நீங்களே படி போட்டுக்கொடுத்ததாகிவிடும். அமெரிக்க ராணுவக் கையேடு வேலிக்கு வெளியே 20 அடி வெறுமையாக இருக்கச் சொல்கிறது. அது உங்களால் முடியாது, ஆனால் உள்ளே 10 அடி முடியும்.

மழைநீர் வடிகால் துளைகளையும் பாருங்கள். 96 சதுர அங்குலத்துக்கு மேல் திறப்பு இருந்தால் கம்பி போட வேண்டும் என்பது அதே கையேட்டுக் கணக்கு. 16 மி.மீ. கம்பியை 10 செ.மீ. இடைவெளியில் பற்றவையுங்கள். ஆனால் நிரந்தரமாகப் பதித்துவிட்டால் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் குப்பை அடைத்து, உள்ளே தேங்கும் தண்ணீர் ஹாலோபிளாக் சுவரையே தள்ளிவிடும். கீல் வைத்து, பூட்டுப் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யும்படி அமையுங்கள்.

சென்சார் என்றால் உங்களுக்கு ஏற்றது நான்கு கதிர் அகச்சிவப்பு பீம், அதாவது எதிரெதிரே வைக்கும் ஒரு ஜோடி கருவிகளுக்கு இடையே ஓடும், கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். நான்கும் ஒரே நேரத்தில் அறுந்தால்தான் அலாரம், காக்கை பறந்தால் அடிக்காது. சுவரை ஒட்டி வைத்தால் குதிக்கிறவன் அதைத் தாண்டி விழுவான். 2 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். அங்கே விழுந்தபின் பீமைக் கடக்காமல் கிடங்குக்கு வர முடியாது. 60 மீட்டர் இடைவெளிக்கு 120 மீட்டர் திறனுள்ள ஜோடி வாங்குங்கள், கனமழையில் கதிர் மங்கும். லென்ஸின் மேல் சிலந்தி வலை கட்டும், வாரா வாரம் துடைக்க வேண்டும். அதிர்வு கேபிளைக் கல் சுவரில் ஒட்டித் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள், அது வளைந்து கொடுக்கும் கம்பி வேலிக்கானது. உடல் சூட்டை உணரும் வெளிப்புற பி.ஐ.ஆர். சென்சாரும் கோடையில் ஏமாற்றும். உடல் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் அதற்கு ஆள் தெரியமாட்டான். வீட்டு மின்சாரத்தை நேராகச் சுருளில் கொடுக்கும் யோசனை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உயிர் போகும், நீங்கள் சிறைக்குப் போவீர்கள்.

கேமராவுக்கு ஒரு கணக்கு போதும். அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். ஆக, முகம் தெரிவது சுமார் 7.7 மீட்டர் அகலத்துக்கு மட்டுமே. நீளச் சுவரைப் பார்க்கும் கேமரா ‘யாரோ வருகிறார்’ என்று மட்டும் சொல்லும். முகத்துக்குத் தனியாக ஒன்றை கேட்டிலும், செம்பு வைத்திருக்கும் ஷெட்டின் வாசலிலும் தாழ்வாக மாட்டுங்கள். கேமராவை ரெக்கார்டரோடு இணைக்கும் கேட்-6 (Cat-6) நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்தான் தாங்கும். பின்பக்கச் சுவருக்கு ஃபைபர் இழுத்தால் இடி மின்னலில் ரெக்கார்டர் போகும் ஆபத்தும் குறையும்.

செக்யூரிட்டிகளில் ஒருவரைப் பின்பக்கம் உட்கார வையுங்கள். அந்த 3 நிமிடம் ஒன்றரை நிமிடமாகும். ரவுண்ட்ஸ் ஒரே நேரத்தில் போகக்கூடாது. செம்பு கேபிளைச் சுவரிலிருந்து எட்டாத நடு ஷெட்டுக்கு மாற்றிப் பூட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்காமல், மழை பெய்யும் ஒரு இரவில் 2 மணிக்கு உங்கள் ஆளையே எந்தப் பக்கம் என்று சொல்லாமல் பீமைக் கடக்கச் சொல்லுங்கள். அலாரம் அடித்த நொடியிலிருந்து செக்யூரிட்டி அந்த இடத்துக்கு வரும் வரை போனில் நேரம் எடுங்கள். நான்கு பக்கமும் தனித்தனியாகச் செய்து எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பில்லைத் தீருங்கள்.