விளையாட்டுச் சங்கம் எல்லாரையும் சேர்த்துக்கொள்வது சரி; பொருள் சப்ளை செய்பவர்கள் யார் என்று ஏன் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைப் பார்த்தால், லாப நோக்கமில்லாத ஒரு சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிதி தருகிறவர்கள் அனுப்பிய படிவத்தில் 'உங்கள் சப்ளையர்கள் யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?' என்று ஒரு பகுதி இருந்திருக்கும், எரிச்சல் வந்திருக்கும். ஒரு சங்கத்தின் கொள்முதலைப் பல வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அந்தப் படிவத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

நாங்கள் பெண்கள் அணி தொடங்கியபோது, வழக்கமான சப்ளையர் ஆண்கள் ஜெர்சியிலேயே ஸ்மால் சைஸை அனுப்பிவைத்தார். தோளில் தொங்கும், இடுப்பில் பிடிக்கும். ஷார்ட்ஸ் வெள்ளை. மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுவார்கள். பயிற்சியாளர் வருகைப் பதிவேட்டில் 'ஈடுபாடு குறைவு' என்று எழுதிவைத்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. வெள்ளை உடையை விடாப்பிடியாகக் காத்துவந்த விம்பிள்டனே 2023இல்தான் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ள அனுமதித்தது.

அப்போது சிறிய தையல் யூனிட் நடத்தும் ஒரு பெண் மாதிரி கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அளவெடுத்தார். கருநீல ஷார்ட்ஸ், உள்ளே லைனிங். சக்கர நாற்காலியில் ஆடும் பெண்ணுக்கு முன்பக்கத்தைக் குட்டையாகவும் முதுகுப்பக்கத்தை நீளமாகவும் வெட்டியிருந்தார். உட்கார்ந்தே ஆடுகிறவர்களுக்கு முன்னால் துணி மடிந்து குவியும், பின்னால் மேலேறி முதுகு தெரியும். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை; அவர் வீட்டிலேயே சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார்.

ஆனால் எங்கள் டெண்டரில் அவரால் நுழையவே முடியவில்லை. மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, முன்வைப்புத் தொகை, ஆர்டர் முழுவதையும் ஒரே சப்ளையர் எடுக்க வேண்டும், பணம் 90 நாள் கழித்து. பெரிய அமைப்பு ஒன்றின் விதிகளை யாரோ அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். செயற்குழுவில் சண்டை போட்டு ஆர்டரைப் பிரிக்க வைத்தேன். "தரத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள்" என்றார் பொருளாளர். இங்கேயும் கமெண்டில் அதையே சொல்ல நாலு பேர் வருவார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். துவைத்துச் சாயம் போகிறதா, தையல் இழுவைக்குத் தாங்குகிறதா என்று இரண்டு பேரின் துணியையும் ஒரே மாதிரி சோதித்தோம். அவருடையது தேறியது. பழைய சப்ளையரின் துணியை அதுவரை யாருமே சோதித்ததில்லை, பழகிய முகம் என்பதே போதுமானதாக இருந்தது. ஆளைப் பார்த்துக் கொடுத்தது யார்?

பெரிய இடங்களிலும் இதே கதைதான். கருப்பின மக்களின் அடர்ந்த முடிக்குப் பொருந்தும் பெரிய நீச்சல் தொப்பியை 'சோல் கேப்' என்ற சின்ன நிறுவனம் செய்தது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் 2021இல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் அதற்கு அனுமதி மறுத்தது, தலையின் இயல்பான வடிவத்துக்கு ஏற்றதாக இல்லையாம். யாருடைய தலையை இயல்பு என்று வைத்துக்கொண்டார்கள்? பிரிட்டனுக்காக ஒலிம்பிக்ஸில் நீந்திய முதல் கருப்பினப் பெண் ஆலிஸ் டியரிங் களமிறங்கியது அந்த டோக்கியோவில்தான். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022இல் அனுமதி கிடைத்தது. ஒரு சப்ளையரை வெளியே நிறுத்தினால், அவர் பொருளை நம்பியிருக்கும் வீரரும் வெளியேதான் நிற்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்றால் மினிட்ஸ் எழுத எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழுவில் பெண்கள் இத்தனை பேர் என்று அறிக்கையில் பெருமையாக வரும். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் இருக்காது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடங்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள், நல்லது. அதற்கு முந்தைய டோக்கியோவில் பயிற்சியாளர்களில் பெண்கள் வெறும் 13 விழுக்காடு. ஆடுவதற்குக் கூப்பிடுகிறார்கள், முடிவெடுக்கக் கூப்பிடுவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏமாற்றுவோரும் உண்டு; பெயர் பலகையில் ஒரு பெண், கல்லாவில் வேறு ஆள். அமெரிக்காவில் பெண்கள் நடத்தும் சப்ளை நிறுவனங்களுக்குச் சான்று தரும் அமைப்புகள் குறைந்தது 51 விழுக்காடு உரிமை பெண்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்பதோடு, நிர்வாகமும் அவர்கள் கையில்தான் இருக்கிறதா என்று பார்க்கின்றன. உங்கள் சங்கத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. யூனிட்டுக்கு நேரில் போய், விலை பேசுவது யார், துணி வாங்குவது யார் என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

ஒரே ஒரு விதியைத்தான் மாற்ற முடியும் என்றால் பணம் கொடுக்கும் கெடுவை மாற்றுங்கள். 90 நாள் கடன் கொடுத்துவிட்டுத் தையல்காரர்களுக்கு வாராவாரம் கூலி கொடுக்க எந்தச் சின்ன யூனிட்டாலும் முடியாது. நாங்கள் துணி வாங்க முன்பணம், மீதி 30 நாளில் என்று மாற்றிய பிறகுதான் புதியவர்கள் கொட்டேஷன் கொடுக்கவே வந்தார்கள்.